முடிச்சுப் போட்டு நிறுத்திய நெல்லுக்கு நிவாரணம் கிடையாதா?

பாலாற்று மகள் | 9 டிசம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரில் பயிர் வைக்கிறார்கள். பாலாற்றங்கரையில் சின்ன ஊர், பெயர் வேண்டாம். சொந்தக் கழனி 1 ஏக்கர் 20 சென்ட். குத்தகைக் கழனி 1 ஏக்கர் 80 சென்ட். இரண்டிலும் சம்பா நெல்.

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 1-ஆம் தேதி, பெய்த மழையில் கழனி முழுக்க மூழ்கிவிட்டது. மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. நான்காம் நாள் அப்பா இறங்கிப் பார்த்தபோது பயிர் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. ஒரு கதிரை எடுத்து நகத்தால் அமுக்கிக் காட்டினார். பால் கட்டியிருக்க வேண்டிய மணியில் இருந்து வெறும் தண்ணீர்தான் வந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. அம்மாவும் அவருமாக நாலைந்து நெல் குத்துகளைச் சேர்த்து, அந்தப் பயிரின் தாளாலேயே முடிச்சுப் போட்டு நிமிர்த்திக்கொண்டே போனார்கள். இரண்டு நாளில் சொந்தக் கழனியில் சாலை ஓரத்தில் இருக்கிற 40 சென்ட்டை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் இரண்டு கையிலும் தாள் அறுத்த கோடுகள்.

ஆறாம் நாள் கணக்கெடுக்க வந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பிலிருந்தே பார்த்தார்கள். "பயிர் நிக்குதே பெரியவரே" என்று சொல்லிவிட்டு 25 சதவீதம் சேதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். 33 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு ரூபாய்கூட வராது என்று பக்கத்துக் கழனிக்காரர் சொல்கிறார். அவர் எதையும் தொடாமல் அப்படியே போட்டு வைத்திருந்தார். அவருக்கு 60 சதவீதம் எழுதியிருக்கிறார்கள்.

பயிரைக் காப்பாற்றப் பாடுபட்டது தப்பா? இதற்கு என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கழனிக்காரன் | 9 டிசம்பர் 2024

தங்கச்சி, எங்கள் பக்கமும் இதே கதைதான். உள்ளே இறங்குகிறவர்கள் குறைவு. சாலை ஓரம் நல்லா இருந்தால் எல்லாம் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் அப்பா நடுக் கழனியில் இருந்து முடிச்சுப் போட ஆரம்பித்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. ஆனால் தண்ணீர் முதலில் வடிந்த இடத்தில்தானே இறங்க முடியும்.

ஏக்கருக்கு 20,000 கொடுப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ஓய்வுபெற்ற விஏஓ | 9 டிசம்பர் 2024

ஏக்கருக்கு இல்லை தம்பி, ஹெக்டேருக்கு. ஒவ்வொரு மழைக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. ஒரு ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். 20,000 என்பதும் இந்த முறை இல்லை. அது 2021 ஜனவரியில், நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு அறிவித்தது. அப்போது பேரிடர் நிவாரண விதிப்படி பாசனப் பயிருக்கு 13,500 தான். மாநில அரசு மேலே போட்டு 20,000 ஆக்கியது.

இந்த ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்திருப்பது: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. மாடு செத்திருந்தால் 37,500, ஆடு 4,000, கோழி 100. பயிர், மாடு, ஆட்டுக்கான தொகைகள் 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதியில் இருக்கிறபடியேதான். அந்த நிதியில் மத்திய அரசு பங்கு 75, மாநிலப் பங்கு 25.

இப்போது பாப்பா கேட்டதற்கு வருகிறேன். பயிரைத் தூக்கி நிறுத்தியது தப்பே இல்லை. நிறுத்துவதற்கு முன்னால் படம் எடுத்து வைக்காததுதான் குறை. சேதம் என்பது பயிர் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பது இல்லை. விளைச்சலில் எவ்வளவு போயிற்று என்பது. நிற்கிற பயிரிலும் கதிர் பதராகப் போயிருந்தால் அது சேதம்தான். நான் வேலையில் இருந்தபோது கதிரைப் பறித்து உள்ளங்கையில் உதிர்த்து எண்ணிப் பார்க்காமல் சதவீதம் போட மாட்டேன். வரப்பில் நின்று போட்ட சதவீதத்தை நம்பாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது: மீதி 80 சென்ட் இன்னும் படுத்துக் கிடக்கிறது அல்லவா? அதைத் தொடுவதற்கு முன் நாலு பக்கமும், நடுவிலும் படம் எடுங்கள். தேதி, இடம் பதிவாகிற செயலி போனில் இருந்தால் அதில் எடுங்கள். அப்புறம் மறு ஆய்வு கேட்டு ஒரு மனு. புல எண், உட்பிரிவு எண், பட்டா எண், பயிர், நட்ட தேதி, தண்ணீர் நின்ற நாட்கள், ஏற்கெனவே எழுதிய சதவீதம். இவ்வளவும் ஒரு பக்கத்தில். வட்டாட்சியருக்கு ஒன்று, வேளாண்மை உதவி இயக்குநருக்கு ஒன்று. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள். அங்கே கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத மனு மனுவே இல்லை.

கணக்கு டீச்சர் | 9 டிசம்பர் 2024

17,000-ஐ ஏக்கராக்கிப் பார்த்தேன். 6,880 ரூபாய். சென்ட்டுக்கு 69 ரூபாய்கூட இல்லை. இந்தப் பருவத்துக்குச் சாதா ரக நெல் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து, குவிண்டால் 2,405. அப்படியானால் 75 கிலோ மூட்டை 1,800 ரூபாய் சொச்சம். ஒரு ஏக்கர் நெல் முழுக்கப் போனாலும் கிடைப்பது நாலு மூட்டை நெல் விலைக்கும் குறைவு.

பாலாற்று மகள் | 9 டிசம்பர் 2024

அப்பா ஒரு நோட்டில் செலவு எழுதுவார். நாற்று, உழவு, அண்டை வெட்டியது, நடவுக் கூலி, களை, உரம் என்று ஏக்கருக்கு 22,000-க்கு மேல் ஆகியிருக்கிறது. இது அறுப்புக்கு முன்னால் வரை.

ஐயா, ரொம்ப நன்றி. படம் நாளைக்கே எடுக்கச் சொல்கிறேன். ஒரு சந்தேகம். சொந்தக் கழனி தாத்தா இறந்த பிறகு அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து அவரவர் பங்கை அவரவர் உழுகிறார்கள். பணம் யாருக்குப் போகும்?

ஓய்வுபெற்ற விஏஓ | 10 டிசம்பர் 2024

எந்தக் கழனியில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதுகிற கிராமக் கணக்குதான் அடங்கல். அதில் யார் பெயரில் சாகுபடி எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டுக்குப் பசலி என்று பெயர். இந்தப் பசலி 1434. பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அதற்கு உண்டான அடங்கலில் உங்கள் அப்பா பெயர், நெல், கிணற்றுப் பாசனமா ஏரிப் பாசனமா, எல்லாம் ஏறியிருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் மற்ற இரண்டு பேரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சாகுபடி செய்கிறவர் பெயரில் போடலாம். பெரியப்பாவிடமும் சித்தப்பாவிடமும் இப்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள். பணம் வந்த பிறகு கேட்டால் கசப்பு வரும்.

பாசன ஆதாரம் எழுதாமல் விட்ட கழனிகள் நிறைய. பதிவேட்டில் புஞ்சை என்று இருக்கும். பத்து வருஷமாகக் கிணறு வெட்டி நெல் வைத்திருப்பார்கள். கிணறு அடங்கலில் ஏறாததால் மானாவாரி என்று 8,500-இல் போட்டுவிடுவார்கள். பாதிப் பணம் அங்கேயே போய்விடும்.

முள்கத்திரி | 10 டிசம்பர் 2024

எனக்கு நெல் இல்லை. ஒரு ஏக்கர் முள் கத்திரி. நம் இலவம்பாடிக் கத்திரிக்காய்தான், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காய்ப்பு தொடங்கி மூன்று பறிப்புதான் பறித்தேன். இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றது. வெயில் வந்த மறுநாள் செடி வாடித் தொங்கிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர்ப் பட்டை கையோடு உரிந்து வருகிறது.

நெல் பார்க்க வந்த வேளாண்மைக்காரரைக் கூப்பிட்டேன். இது தோட்டக்கலை, அவர்கள் வந்துதான் பார்க்க வேண்டும் என்றார். அது சரிதான் என்று பிறகு தெரிந்தது. காய்கறி, பூ, வாழை, மாந்தோப்பு எல்லாம் தோட்டக்கலைத் துறை ஆட்கள்தான் விஏஓவோடு வந்து பார்க்க வேண்டும். ஊருக்கு ஒரு தடவை கணக்கெடுப்பு வந்து போனால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காய்கறி வைத்தவர்கள் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

குடியாத்தம் தோப்பு | 10 டிசம்பர் 2024

யானை மிதித்த வாழையையும் இதில் எழுதச் சொல்லி எங்கள் ஊரில் நாலு பேர் கேட்டார்கள். அது இதில் வராது, வனத்துறைக்குத் தனி மனு. பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரம் இருக்கிறவர்கள் இரண்டையும் கலந்துவிட்டு இரண்டும் கிடைக்காமல் போகிறார்கள்.

ஊர்நிலம் சென்னை | 11 டிசம்பர் 2024

பாலாற்று மகள், குத்தகைக் கழனி பற்றி யாரும் பேசவில்லையே. நான் அந்தப் பக்கத்தில் இருப்பவன், அதாவது நிலம் விட்டவன். காட்பாடி பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். 2021 மழைக்குப் பிறகு நிவாரணப் பணம் என் கணக்கில்தான் வந்தது. நான் கேட்கவே இல்லை. பட்டாவும் ஆதாரும் என்னுடையது என்பதால் தானாக வந்துவிட்டது. பயிர் வைத்து நஷ்டப்பட்டவர் வேறு. நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

கழனிக்காரன் | 11 டிசம்பர் 2024

அண்ணா, கொடுத்ததற்கு நன்றி. ஆனால் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்கிற இடத்தில் ஏன் ஒரு உழவன் நிற்க வேண்டும்? நான் ஆறு வருஷமாக ஒரே கழனியைக் குத்தகைக்கு உழுகிறேன். ஏக்கருக்கு வருஷம் எட்டு மூட்டை அளக்கிறேன். ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் கிடையாது. பயிர்க் கடன் கேட்டால் பட்டா. உரம் கேட்டால் பட்டா. பயிர்க் காப்பீடு கேட்டால் அடங்கல். பிஎம் கிசான் 6,000 ரூபாயும் நிலம் உள்ளவருக்குத்தான். வெள்ளம் மட்டும் பட்டா பார்க்காமல் வருகிறது. நீங்களே சொல்லுங்கள், உங்கள் குத்தகைக்காரருக்கு எழுத்தில் கொடுப்பீர்களா?

ஊர்நிலம் சென்னை | 11 டிசம்பர் 2024

நேராகவே சொல்கிறேன், பயம். எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பி வராது என்று என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1955-இல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம் இரண்டும் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் எழுப்புவது கஷ்டம் என்று அவர் தலைமுறை முழுக்கவே நினைத்தது. எனக்கும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை.

ஓய்வுபெற்ற விஏஓ | 11 டிசம்பர் 2024

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. 1969 சட்டம் உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டும் என்றுதான் வந்தது. அந்தப் பயத்தாலேயே குத்தகை வாய்ப்பேச்சாகிவிட்டது. நான் வேலை பார்த்த ஊர்களில் நேரில் பார்த்தால் கால்வாசிக் கழனிக்கு மேல் குத்தகையும், விளைச்சலைப் பங்கு போடுகிற வாரமும், கடனுக்கு ஈடாக நிலத்தை விடுகிற போக்கியமும். பதிவேட்டைத் திறந்தால் ஒன்றிரண்டு பெயர்கூட இருக்காது.

பதிவேடு வரைக்கும் போக வேண்டியதில்லை, ஒரு வழி சொல்கிறேன். இந்தப் பருவத்துக்கு, இந்தப் புல எண்ணில், இன்னார் பயிர் வைத்திருக்கிறார், நிவாரணம் வந்தால் அவருக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம் என்று நிலத்துக்காரர் ஒரு கடிதம் தரலாம். அதை வைத்து விஏஓ சாகுபடிச் சான்று தரலாம். அந்தச் சான்று வைத்துக் காப்பீடும் செய்யலாம். நான் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு பருவத்துக்கு மட்டும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதினால் நிலத்துக்காரருக்கும் பயம் குறையும்.

நம் பழைய வடாற்காடு மாவட்டத்தில் 1980 வரைக்கும் கிராமக் கணக்கு எழுதுகிற கர்ணமும், வரி வசூலிக்கிற மணியக்காரரும் இருந்தார்கள். அந்த முறையில் ஆயிரம் கோளாறு. எடுத்தது நல்லதுதான். ஆனால் எந்தக் கழனியை எவன் உழுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதே தெருவில் குடியிருந்தார்கள். இன்றைக்கு ஒரு விஏஓ இரண்டு மூன்று ஊர் பார்க்கிறார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் நானூறு ஐந்நூறு உட்பிரிவுகளை இறங்கிப் பார்த்து எழுது என்றால் எந்த மனுஷனால் முடியும்?

கழனிக்காரன் | 11 டிசம்பர் 2024

போன மாதம்தான் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று கழனி கழனியாக வந்தார்கள். பாவம், பாம்பு இருக்கிற வரப்பில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்தப் படமெல்லாம் எங்கே? நட்ட பயிர் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பொன்னையாற்றுக்காரன் | 12 டிசம்பர் 2024

இழையைப் படித்ததும் வயிறு எரிகிறது. எனக்கு 2021 நவம்பர்தான் ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் பொன்னையாறும் பாலாறும் சேர்ந்து வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் போனது. திருவலம் பக்கம் ரயில் பாலமே பழுதாகி வண்டிகளை நிறுத்தினார்கள். வாணியம்பாடியில் 1903 வெள்ளத்துக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அதற்கப்புறம் நம் ஆறு இப்படி வந்ததை எங்கள் ஊர்க் கிழவர்களே பார்த்ததில்லை என்றார்கள்.

என் கழனியில் பயிர் போனது ஒரு பக்கம். வெள்ளம் வடிந்தபோது முழங்கால் மட்டத்துக்கு மணல். முக்கால் ஏக்கர். பயிருக்கு மட்டும் எழுதிக்கொண்டார்கள். மணலை என்ன செய்வது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. லாரியில் ஏற்றினால் மணல் கடத்தல் கேஸ் வரும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். கடைசியில் டிராக்டர் வைத்து ஓரத்தில் ஒதுக்கினேன். அந்த மேடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் வேலிக்காத்தான் முளைத்துவிட்டது. முக்கால் ஏக்கர் அரை ஏக்கர் ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற விஏஓ | 12 டிசம்பர் 2024

உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேரிடர் நிவாரண விதியில் இதற்குத் தனி இனம் உண்டு. விளைநிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000. நீங்கள் சொல்கிற 2021-இல் அது 12,200 ஆக இருந்தது. ஆறு திசை மாறி நிலத்தையே கொண்டுபோய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000. பயிர்ச் சேதம் வேறு, நிலச் சேதம் வேறு. கணக்கெடுக்க வருகிறவர் படிவத்தில் பயிர் என்ற கட்டத்தை மட்டும் பார்த்து எழுதுவார். நிலம் என்று நாம்தான் வாய்திறந்து கேட்க வேண்டும்.

இந்த மழையில் மணல் ஏறிய கழனி யாருக்காவது இருந்தால், ஒரு அடிக்கோலை மணலில் குத்தி நிறுத்தி, அளவு தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மனுவில் மணல் அகற்றுதல் என்று தனி வரியாக எழுதுங்கள்.

முள்கத்திரி | 12 டிசம்பர் 2024

காப்பீடு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நிவாரணம் வாங்கினால் காப்பீடு கிடைக்காது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. தப்பு. இரண்டும் வேறு வேறு. சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஆனால் இந்த 2024 சம்பாவில், வெள்ளத்தில் மூழ்கிய நெல்லுக்கு நம் ஒரு கழனியைப் பார்த்துப் பணம் தர மாட்டார்கள். நம் பகுதியில் சில கழனிகளைக் குலுக்கி எடுத்துப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி விளைச்சல் குறைந்திருந்தால்தான் எல்லோருக்கும் வரும். அறுத்துப் போட்ட நெல் மழையில் நனைந்தால், அறுத்த 14 நாளுக்குள் என்றால், தனி ஆளாகக் கேட்கலாம். அதையும் 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

கழனிக்காரன் | 13 டிசம்பர் 2024

நேற்றும் இன்றும் மறுபடி கொட்டுகிறது. தங்கச்சி, கழனி எப்படி இருக்கிறது?

பாலாற்று மகள் | 16 டிசம்பர் 2024

அண்ணா, மறுபடி தண்ணீர் ஏறியது, ஒரே நாளில் வடிந்துவிட்டது. முடிச்சுப் போட்ட 40 சென்ட் நிற்கிறது. படுத்திருந்த பக்கத்தில் கதிர் செடியிலேயே முளைவிட ஆரம்பித்துவிட்டது. அப்பா படம் எடுக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் 31 படம் எடுத்தார். மனு இன்றைக்குக் குறைதீர்வு நாளில் கொடுத்துவிட்டோம், எண் கையில் இருக்கிறது. அப்பா முதல்முறையாக ஆட்சியர் அலுவலகத்துக்கு உள்ளே வந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, சுவர் இடிந்து ஆடு செத்ததற்கு வந்திருந்தார். கால்நடை மருத்துவர் சான்று வாங்காமல் ஆடுகளைப் புதைத்துவிட்டாராம். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லிவையுங்கள். முதலில் மருத்துவர், அப்புறம்தான் குழி.

பெரியப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். குத்தகைக் கழனிக்காரர் கடிதம் தர யோசிக்கிறார். நல்ல மனுஷர்தான். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பாலாற்று மகள் | 20 டிசம்பர் 2024

நேற்று மறு ஆய்வுக்கு வந்தார்கள். வேளாண்மை உதவி அலுவலர் ஒரு பெண். கால்சட்டையை முட்டிவரை மடித்துவிட்டு சேற்றில் இறங்கிவிட்டார். அப்பா பேசவில்லை. முடிச்சுப் போட்ட குத்து ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். அது அப்படியே சாய்ந்தது. அந்த அம்மா கழனியில் ஐந்து இடத்தில் கதிர் பறித்தார். நிற்கிற பக்கத்தில் பறித்த ஒரு கதிரை உள்ளங்கையில் உதிர்த்து எங்கள் கண் முன்னாலேயே எண்ணினார். 140 மணி. அதில் முற்றியது 58. மற்றதெல்லாம் ஊதினால் பறந்துவிட்டது. படுத்த பக்கத்தில் அதைவிட மோசம்.

55 சதவீதம் என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. போகும்போது அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, மருந்து போடுங்கம்மா என்றார்.

விஏஓ ஐயா, நீங்கள் சொன்னதுபோலவே உள்ளங்கையில் வைத்து எண்ணினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற விஏஓ | 20 டிசம்பர் 2024

அந்த அலுவலரைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும். பாப்பா, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அப்பாவின் ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். மனுவில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போகாது. வங்கியில் போய்க் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஊர்நிலம் சென்னை | 22 டிசம்பர் 2024

இந்த இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஊருக்குப் போய் என் கழனியை உழுகிறவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சம்பா 2024, இந்த ஒரு பருவத்துக்கு என்று. அவர் பெயரை முழுதாக எழுதும்போதுதான் ஒன்று தோன்றியது. ஒன்பது வருஷமாக அவரைத் தெரியும், அவருடைய அப்பா பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதினேன்.

பாலாற்று மகள் | 14 ஏப்ரல் 2025

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இழையை மறக்கவில்லை. சொல்ல வேண்டிய செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன்.

சம்பாவில் மொத்தம் மூன்று ஏக்கரில் 27 மூட்டைதான் தேறியது. நல்ல வருஷத்தில் 75 வரும். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. சாலையில் கொட்டி நான்கு நாள் காயவைத்து, அப்புறம்தான் போட்டோம்.

நிவாரணம் வந்துவிட்டது. சொந்தக் கழனிக்கு. பட்டாவில் 48.5 ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்) இருப்பதால் 8,245 ரூபாய். விஏஓ ஐயா சொன்னது நடந்தது. அப்பா காட்டிய கணக்கில் வரவில்லை. காஸ் மானியத்துக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன வேறொரு கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. புத்தகம் கிடைக்காமல் பீரோவைக் கவிழ்த்துத் தேடினோம். அந்தப் பணத்தில் 5,000 உரக்கடைப் பாக்கி. மீதியில் விதை வாங்கினார்.

குத்தகைக் கழனிக்குக் கடிதம் கடைசிவரை கிடைக்கவில்லை. பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விட்டது, 12,000 சொச்சம். அப்பா போய்க் கேட்கத் தயங்கினார். அம்மா போனார். நிலத்துக்காரர் மறுக்கவில்லை. பணமாகத் தரவில்லை, இந்த வருஷக் குத்தகையில் நாலு மூட்டை குறைத்துக்கொள்ளச் சொன்னார். கணக்குப் போட்டால் 7,200 ரூபாய். அம்மா சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வருஷமும் அந்தக் கழனி வேண்டும் அல்லவா.

கழனிக்காரன் | 14 ஏப்ரல் 2025

தங்கச்சி, எனக்கு ஒன்றுமே வரவில்லை. எனக்கு உரியதும் நிலத்துக்காரருக்குத்தான் போயிருக்கிறது. கேட்டேன், பார்க்கலாம் என்றார். இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று முகாம் போட்டார்களே, அதற்கும் போனேன். பட்டா எண்ணைக் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற விஏஓ | 15 ஏப்ரல் 2025

தம்பி, கிராமக் கணக்குகளைத் தாலுகாவில் தணிக்கை செய்கிற ஜமாபந்தி அடுத்த மாதமோ ஜூனிலோ வரும். உங்கள் தாலுகாவில் என்றைக்கு உங்கள் உள்வட்டம் (ஃபிர்கா) என்று பார்த்து அன்றைக்கு ஒரு மனு கொடுங்கள். நில உரிமை கேட்க வேண்டாம். எங்கள் கிராம அடங்கலில் இந்தப் புல எண்ணுக்குச் சாகுபடி செய்பவர் பெயரைக் கள ஆய்வு செய்து எழுதவும் என்று அது ஒன்றை மட்டும் கேளுங்கள். ஆறு வருஷமாக நீங்கள் உழுவதற்குப் பக்கத்துக் கழனிக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். வரைவை நான் எழுதித் தருகிறேன், தனிச் செய்தியில் புல எண்ணை அனுப்புங்கள்.

ஊர்நிலம் சென்னை | 15 ஏப்ரல் 2025

தம்பி, சாட்சிக்கு என்னால் வர முடியாது. ஆனால் உங்கள் நிலத்துக்காரரிடம் பேச ஒரு நிலத்துக்காரன் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என் கடிதத்தின் நகலை எடுத்து வருகிறேன். எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆயிற்று, நிலம் என்னிடம்தான் இருக்கிறது என்று காட்டலாம்.

கழனிக்காரன் | 15 ஏப்ரல் 2025

வாங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பார்.

பாலாற்று மகள் | 2 மே 2025

அடுத்த நெல் பட்டமான சொர்ணவாரிக்கு நட்டுவிட்டோம். நட்ட மூன்றாம் நாளே அப்பா விஏஓவிடம் போய் அடங்கலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். சொந்தக் கழனியில் அவர் பெயரும், நெல்லும், கிணறும் ஏறியிருக்கிறது. குத்தகைக் கழனிக்கு எதிரே பயிர் என்ற இடத்தில் நெல் என்று எழுதியிருக்கிறது. பெயர் நிலத்துக்காரருடையதுதான்.